9 லட்சம் கி.மீ., ஒரே கார், 26 வருஷம்: இப்படி கிளம்ப நமக்கு எவ்வளவு பணம் வேணும்?



போன மாசம் ஒரு மெயில் வந்துச்சு. எழுதினவருக்கு 29 வயசு. கோயம்புத்தூர்ல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனில வேலை, பிடித்தம் போக கையில வர்ற சம்பளம் ₹78,000. அவர் எழுதினதோட சுருக்கம் இது:

"அக்கா, ஜெர்மனில ஒருத்தர் வேலையை விட்டுட்டு 26 வருஷம் ஒரே கார்ல உலகம் சுத்தியிருக்கார். நானும் கிளம்பலாம்னு இருக்கேன். பி.எஃப்ல ₹6.4 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட்ல ₹5 லட்சம் இருக்கு. ஊர்ல அப்பா என் பேர்ல எழுதி வெச்ச மனை ₹14 லட்சத்துக்குப் போகும். எல்லாத்தையும் எடுத்தா ஒரு பழைய எஸ்.யூ.வி வாங்கிட்டு லண்டன் வரைக்கும் போயிடலாம். வரி எவ்வளவு வரும்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

வரி கணக்கு போட பத்து நிமிஷம் போதும். ஆனா ஒரு வாரம் என்னால பதில் எழுத முடியல. அதுக்குக் காரணம் எங்க அப்பா. அதைக் கடைசில சொல்றேன். முதல்ல அந்த ஜெர்மன்காரர் கதையை ஒரு சி.ஏ. பார்வையில பாப்போம். வீடியோக்கள்ல அவரோட பயணம் மட்டும்தான் வருது. பயணத்துக்குப் பின்னாடி இருந்த பணத்தைப் பத்தி யாரும் பேசுறதில்ல.

யார் இவர்?

பேரு குந்தர் ஹோல்டோர்ஃப். 1937ல பிறந்தவர். விமானத் துறையில வேலை. லுஃப்தான்சா நிறுவனத்துல பல நாடுகள்ல பொறுப்புல இருந்தார், அப்புறம் ஹபாக்-லாய்ட் விமான நிறுவனத்தோட நிர்வாகத்துக்கே தலைமையா இருந்தார். 50 வயசைத் தாண்டினதும் வேலையை விட்டுட்டார்.

1988ல ஒரு மெர்சிடிஸ் பென்ஸ் ஜி-வேகன் வாங்கினார். மாடல் 300 ஜி.டி. 3 லிட்டர் டீசல் இன்ஜின், வெறும் 88 குதிரைத் திறன். இன்னைக்கு நம்ம ஊர்ல ஓடுற ஒரு சாதாரண குட்டிக் காரோட பவர்தான். அந்த வண்டிக்கு 'ஓட்டோ'னு பேரு வெச்சார்.

திட்டம் என்ன தெரியுமா? ஆப்பிரிக்காவை 18 மாசம் சுத்திட்டு வீட்டுக்குத் திரும்புறது. அவ்வளவுதான். அது நீண்டுக்கிட்டே போய் 2014ல பெர்லின்ல முடிஞ்சது. 170க்கும் மேல நாடுகள், கிட்டத்தட்ட 9 லட்சம் கி.மீ. ஒரே வண்டி. இப்போ ஓட்டோ ஸ்டுட்கார்ட்ல இருக்கிற மெர்சிடிஸ் அருங்காட்சியகத்துல நிக்குது.

அவரோட பல வருஷம் கூடவே பயணம் பண்ணினவர் கிறிஸ்டினே. ஒரு செய்தித்தாள் விளம்பரம் மூலமா அறிமுகமானவங்க. புற்றுநோய் வந்து 2010ல இறந்துட்டாங்க. இறக்குறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாலதான் ரெண்டு பேரும் முறைப்படி கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. பயணத்தை நிறுத்தக் கூடாதுங்கிறது அவங்க ஆசை. அவர் நிறுத்தல.

பணம் எங்கிருந்து வந்துச்சு?

அந்த 29 வயசு தம்பி கவனிக்காம விட்ட பகுதி இதுதான். நாலு விஷயம் இருக்கு.

ஒண்ணு, அவர் வேலையை விட்டது சம்பாதிச்சு முடிச்ச பிறகு. பெரிய பொறுப்புல இருந்து, சேமிப்போட வெளியே வந்தவர். வேலை பிடிக்காம இருபதுகள்ல தூக்கிப் போட்டுட்டுப் போனவர் கிடையாது.

ரெண்டு, அவருக்குப் பக்க வருமானம் இருந்துச்சு. 1970கள்ல ஜகார்த்தாவுல வேலை பார்த்தப்போ அந்த நகரத்துக்கு ஒழுங்கான தெரு வரைபடமே கிடையாது. இவரே தெருத் தெருவா சுத்தி ஒரு வரைபடம் தயாரிச்சு வெளியிட்டார். ஜகார்த்தா வளர வளர அதைத் திருத்தித் திருத்தி புதுப் பதிப்புகள் போட்டார். அந்த விற்பனைல வந்த காசு பயணச் செலவுக்கு உதவிச்சு. இந்த இடத்துக்குத் திரும்பி வர்றேன், ஞாபகம் வெச்சுக்குங்க.

மூணு, செலவைக் குறைவா வெச்சார். தூக்கம் பெரும்பாலும் வண்டிக்குள்ளேயே, பின்னாடி போட்ட மெத்தையில. சமையல் சொந்தமா. ஹோட்டல், ரெஸ்டாரன்ட் ரொம்பக் கம்மி. உதிரி பாகங்களை வண்டியிலேயே ஏத்திக்கிட்டுப் போய் ரிப்பேரையும் தானே பார்த்தார்.

நாலு, 26 வருஷமும் தொடர்ச்சியா ஓட்டல. கட்டம் கட்டமா போனார். நடுவுல ஜெர்மனிக்கு வந்து தங்கிட்டு மறுபடி கிளம்பினார். அதாவது திரும்பி வர ஒரு இடம் எப்பவும் இருந்துச்சு.

9 லட்சம் கி.மீ. டீசல் கணக்கு

ஒரு சின்ன கணக்கு போடுவோம். இது அவரோட உண்மையான செலவு இல்ல, நம்ம புரிதலுக்கு நான் போடுற கணக்கு.

ஒரு லிட்டருக்கு 7 கி.மீ. மைலேஜ்னு வெச்சுக்குவோம். 9,00,000 ÷ 7 = சுமார் 1,28,570 லிட்டர். லிட்டர் ₹90னு போட்டா ₹1.16 கோடி! டீசலுக்கு மட்டும்.

மயக்கம் வருதுல்ல? இப்போ அதையே மாசக் கணக்கா மாத்துங்க. 26 வருஷம்னா 312 மாசம். மாசத்துக்கு சுமார் 2,885 கி.மீ., 412 லிட்டர், ₹37,000.

₹37,000ங்கிறது சென்னையில ஒரு நடுத்தர ஃபிளாட்டோட வீட்டுக் கடன் இ.எம்.ஐ. மொத்தமா பாத்தா யாராலயும் முடியாத தொகை, மாசமா பாத்தா நமக்குப் பழகின தொகை. எந்தப் பெரிய கனவையும் முதல்ல இப்படி மாசமா உடைச்சுப் பாருங்க. அப்போதான் அது முடியுமா முடியாதானு தெரியும்.

நம்ம ஊர் கணக்கு: 18 மாச பயணம்

ஹோல்டோர்ஃப் முதல்ல போட்ட அதே 18 மாச திட்டத்தை எடுத்துக்குவோம். ரெண்டு பேர், சொந்த டீசல் எஸ்.யூ.வி, சிக்கனமான பயணம். இன்னைய விலையில நான் போட்ட மாச பட்ஜெட்:

• டீசல் (மாசம் 2,500 கி.மீ., லிட்டருக்கு 12 கி.மீ., லிட்டர் ₹100): ₹21,000
• சாப்பாடு, தங்குறது: ₹60,000
• விசா, பயணக் காப்பீடு: ₹25,000
• வண்டி சர்வீஸ், டயர்: ₹14,000

மொத்தம் மாசம் ₹1.2 லட்சம். 18 மாசத்துக்கு ₹21.6 லட்சம். கப்பல்ல வண்டி அனுப்புறது, அவசரத்துக்குத் திரும்பி வர விமான டிக்கெட், மத்த ஒரு தடவை செலவுகளுக்கு ₹8.4 லட்சம். ஆக ₹30 லட்சம். வண்டி விலை இதுல இல்ல. உங்க ஸ்டைலுக்கு ஏத்த மாதிரி கூட்டிக் குறைச்சுக்குங்க.

இப்போ உங்களுக்கு 30 வயசு, 50 வயசுல கிளம்பப் போறீங்கனு வைங்க. விலைவாசி வருஷம் 6% ஏறினா இன்னைய ₹30 லட்சம் 20 வருஷம் கழிச்சு ₹96.2 லட்சம் ஆகிடும். இதைச் சேர்க்க, முதலீடு வருஷத்துக்கு 10% தருதுனு வெச்சு (உத்தரவாதம் கிடையாது, ஒரு அனுமானம்தான்):

• இன்னைக்கே ஆரம்பிச்சா எஸ்.ஐ.பி மாசம் சுமார் ₹12,600.
• சம்பளம் ஏற ஏற வருஷா வருஷம் 8% கூட்டிக்கிட்டே போனா, முதல் வருஷம் சுமார் ₹7,050 போதும்.
• பத்து வருஷம் தள்ளிப் போட்டு 40 வயசுல ஆரம்பிச்சா மாசம் சுமார் ₹46,600.

முதல் வழியில உங்க கையிலிருந்து போறது மொத்தம் ₹30 லட்சம் சொச்சம். கடைசி வழியில கிட்டத்தட்ட ₹56 லட்சம். சேர்றது அதே தொகைதான். பத்து வருஷம் தள்ளிப் போட்டதுக்கு நாம கட்டுற விலை ₹26 லட்சம்.

உண்மையான செலவு பயணம் இல்ல

இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. "₹96 லட்சம் சேர்ந்தா வேலையை விட்டுடலாம்"னு நினைக்கிறாங்க. இல்லைங்க! 18 மாசம் முடிஞ்சு வீட்டுக்கு வருவீங்க. மறுநாள் காலைல பால் வாங்கணும், கரண்ட் பில் கட்டணும்.

உங்க வீட்டுச் செலவு இன்னைக்கு மாசம் ₹50,000னா, 20 வருஷம் கழிச்சு அதே வாழ்க்கைக்கு ₹1.6 லட்சம் வேணும். வருஷத்துக்கு ₹19.2 லட்சம். 50 வயசுல வேலையை விட்டா இன்னும் 35 வருஷமாவது அந்தப் பணம் தாங்கணும். வருஷச் செலவைப் போல குறைஞ்சது 30 மடங்கு வேணும்னு ஒரு தோராய விதி வெச்சா ₹5.77 கோடி.

பயணத்துக்கு ₹96 லட்சம். வேலையை விடுறதுக்கு ₹5.77 கோடி. ஆறு மடங்கு. அதாவது உலகம் சுத்துறது அவ்வளவு காஸ்ட்லி இல்ல, சம்பளத்தை நிறுத்துறதுதான் காஸ்ட்லி. அதனால இந்த ரெண்டையும் ஒரே கனவா குழப்பிக்காதீங்க. வேலையை விடாமலேயே பயணம் போக முடியுமானு முதல்ல பாருங்க. சம்பளமில்லா விடுப்பு, ரெண்டு வேலைக்கு நடுவுல கிடைக்கிற இடைவெளி, கட்டம் கட்டமான பயணம்னு வழிகள் இருக்கு. ஹோல்டோர்ஃபே கட்டம் கட்டமாத்தானே போனார்?

ஜகார்த்தா வரைபடத்தோட மதிப்பு என்ன?

ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன்ல, அது இதுக்குத்தான்.

வேலையை விட்ட பிறகும் மாசம் ₹10,000 (இன்னைய மதிப்புல) வர்ற மாதிரி ஒரு பக்க வருமானம் உங்களுக்கு இருக்குனு வைங்க. வருஷம் ₹1.2 லட்சம். 30 மடங்கு விதிப்படி நீங்க சேர்க்க வேண்டிய தொகையில ₹36 லட்சம் குறையுது. 20 வருஷம் கழிச்சு இருக்கிற விலைவாசில பாத்தா அது ₹1.15 கோடி.

மாசம் ₹10,000ங்கிற சின்ன வருமானம், ஒரு கோடி ரூபா சேர்க்குற வேலையை மிச்சம் பண்ணுது. ஆனா அது விலைவாசியோட சேர்ந்து ஏறணும், நீங்க பக்கத்துல இல்லேன்னாலும் வரணும். ஹோல்டோர்ஃப் செஞ்சதைக் கவனிங்க. வேலை பாத்துக்கிட்டு இருந்தப்பவே, அந்த ஊர்ல எது இல்லையோ அதைச் செஞ்சார். ஒரு தடவை செஞ்சுட்டு விட்டுடாம திருத்திக்கிட்டே இருந்தார். உங்க துறையில அப்படி இல்லாத 'வரைபடம்' எதுனு யோசிங்க. ஒரு பயிற்சிப் புத்தகமா இருக்கலாம், ஒரு சின்ன மென்பொருளா இருக்கலாம், ஊர்ல ஒரு கடை வாடகையா கூட இருக்கலாம்.

காரை மாத்தாம இருந்தா எவ்வளவு மிச்சம்?

ஒரே காரை 26 வருஷம் வெச்சுக்கச் சொல்லல. நம்ம ஊர்ல விதிகள் வேற, புகை விதிகளும் மாறிக்கிட்டே இருக்கு. ஆனா கார் லோன் முடிஞ்ச மறுமாசமே ஷோரூம்ல போய் நிக்குற பழக்கம் இருக்கு பாருங்க, அதோட விலையைச் சொல்றேன்.

₹10 லட்சம் லோன், 9% வட்டி, 5 வருஷம்னா இ.எம்.ஐ ₹20,758. லோன் முடிஞ்சதும் அதே காரை இன்னும் 5 வருஷம் ஓட்டுங்க. இ.எம்.ஐ கட்டுறதா நினைச்சே மாசம் ₹15,000 முதலீடு பண்ணுங்க. மீதி ₹5,758 வண்டி பராமரிப்புக்கு. 10% வளர்ச்சில 5 வருஷத்துல சுமார் ₹11.7 லட்சம் சேரும். மேல போட்ட 18 மாச பயணத்துல மூணுல ஒரு பங்குக்கும் மேல! காரை ரசிக்கிறது வேற, கார் கம்பெனிக்கு மாச சந்தா கட்டுறது வேற.

பேப்பர் வேலைகள்: இது தெரியாம கிளம்பாதீங்க

கார்னே: முழுப் பேரு கார்னே டி பசாஜ். வண்டிக்கான பாஸ்போர்ட்னு வெச்சுக்குங்க. ஈரான், எகிப்து மாதிரி நாடுகளுக்குள்ள உங்க வண்டி சுங்க வரி கட்டாம தற்காலிகமா போயிட்டு வெளியே வர இது வேணும். அங்கீகாரம் பெற்ற ஆட்டோமொபைல் சங்கம்தான் இதைத் தரும். வண்டி மதிப்பைப் பொறுத்து டெபாசிட்டோ வங்கி உத்தரவாதமோ கேப்பாங்க. அந்தப் பணம் செலவு இல்ல, திரும்பி வரும். ஆனா பயணம் முடியுற வரைக்கும் முடங்கிக் கிடக்கும். ₹30 லட்சத்துக்கு வெளியே இதையும் தனியா எடுத்து வைக்கணும். வண்டியை வெளிநாட்டுலயே விட்டுட்டு வந்தீங்கன்னா அந்த நாட்டுச் சுங்க வரி உங்க தலையில விழும்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி: ஆர்.டி.ஓ தருது, ஒரு வருஷம்தான் செல்லும். 18 மாச பயணம்னா நடுவுல புதுப்பிக்கிறதை இப்பவே திட்டமிடணும். சீனா இதை ஏத்துக்காது. அங்க தற்காலிக லைசென்ஸ் தனியா எடுக்கணும்.

வெளிநாட்டுக்குப் பணம்: ரிசர்வ் வங்கியோட எல்.ஆர்.எஸ் திட்டத்துல ஒருத்தர் ஒரு நிதியாண்டுல 2,50,000 டாலர் வரைக்கும் அனுப்பலாம். நம்ம பிரச்சனை உச்சவரம்பு இல்ல, டி.சி.எஸ். 2025 ஏப்ரல்ல வந்த விதிப்படி, சொந்தமா ஏற்பாடு பண்ணிக்கிற பயணத்துக்கு ஒரு நிதியாண்டுல ₹10 லட்சத்துக்கு மேல போற தொகைல வங்கி 20% பிடிக்கும். டூர் பேக்கேஜுக்கு விதி வேற.

உதாரணமா ஒரே ஆள், ஒரே வருஷத்துல ₹25 லட்சம் அனுப்பினா ₹15 லட்சத்துக்கு 20%, அதாவது ₹3 லட்சம் பிடிச்சுடுவாங்க. இது கூடுதல் வரி இல்ல. ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம், மிச்சம் இருந்தா ரீஃபண்ட் வரும். ஆனா நடு வழியில நிக்கிறப்போ அந்த ₹3 லட்சம் கையில இருக்காது. இதுக்கு வழி சுலபம். 18 மாச பயணம் எப்படியும் ரெண்டு நிதியாண்டைத் தொடும். கணவன், மனைவி ரெண்டு பேருக்கும் சொந்த வருமானம் இருந்தா, ஆளுக்கு ₹10 லட்சம் வீதம் ரெண்டு வருஷத்துல ₹40 லட்சம் வரைக்கும் டி.சி.எஸ் இல்லாமலேயே அனுப்பலாம். விகிதமும் வரம்பும் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுது. கிளம்புற வருஷத்து விதியைப் பார்த்துக்குங்க.

"உலகம் சுத்தப் போனா நான் என்.ஆர்.ஐ ஆகிடுவேனா?": நிறைய பேர் கேக்குற கேள்வி. வேலைக்காக வெளிநாடு போறவருக்கு 182 நாள்ங்கிற சலுகைக் கணக்கு உண்டு. ஊர் சுத்தப் போறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அந்த நிதியாண்டுல 60 நாளோ அதுக்கு மேலயோ, அதுக்கு முந்தின 4 வருஷத்துல 365 நாளோ அதுக்கு மேலயோ இந்தியாவுல இருந்திருந்தா நீங்க இந்திய வசிப்பாளர்தான்.

செப்டம்பர் 1 கிளம்புறீங்கனு வைங்க. ஏப்ரல்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் 153 நாள் இங்க இருந்தாச்சு. அந்த வருஷம் நீங்க வசிப்பாளர். வழியில வீடியோ போட்டு டாலர்ல சம்பாதிச்சாலும் அதுக்கும் இங்க வரி உண்டு. அடுத்த வருஷம் முழுக்க வெளியே இருந்தா நிலைமை மாறலாம். அப்பவும் இங்க வர்ற வாடகை, வட்டிக்கு வரி இங்கதான். இந்திய வருமானம் ₹15 லட்சத்தைத் தாண்டுற குடிமக்களுக்குத் தனி விதி வேற இருக்கு. கிளம்புறதுக்கு முன்னால உங்க ஆடிட்டரை ஒரு தடவை பாருங்க, காசு மிச்சமாகும்.

காப்பீடு: நம்ம ஊர் மெடிக்கல் பாலிசி பொதுவா வெளிநாட்டுல செல்லாது. பயணக் காப்பீடு தனியா எடுக்கணும். அதுக்காக இங்க இருக்கிற பாலிசியை நிறுத்திடாதீங்க. நிறுத்தினா ஏற்கனவே இருக்கிற நோய்களுக்கான காத்திருப்புக் காலம் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கும். கிறிஸ்டினே கதையை நினைச்சுப் பாருங்க. உடம்பு எப்போ என்ன பண்ணும்னு யாருக்கும் தெரியாது.

இப்போ எங்க அப்பா கதை

அப்பா பஸ் பணிமனையில மெக்கானிக். வீட்ல ஒரு பழைய பிரீமியர் பத்மினி இருந்துச்சு. அவர் கையால பிரிச்சு மாட்டின வண்டி. ஒவ்வொரு தடவை பெட்ரோல் போடுறப்பவும் தேதி, லிட்டர், கி.மீ. எல்லாம் ஒரு நோட்டுல எழுதுவார். அந்த நோட்டோட கடைசி நாலு பக்கத்துல ஒரு திட்டம் இருந்துச்சு. திருநெல்வேலில இருந்து லே வரைக்கும், போற வழி ஒண்ணு, வர்ற வழி வேற. எந்த ஊர்ல தங்கல், எங்க ஆயில் மாத்தணும், எவ்வளவு காசு, எல்லாம் பென்சில்ல. உலகப் பயணம் இல்ல. ஆனா அவருக்கு அதுதான் உலகம்.

58ல ரிட்டயர் ஆனார். பி.எஃப், கிராஜுவிட்டி எல்லாம் வந்துச்சு. அப்போ நான் சி.ஏ. படிச்சுக்கிட்டு சென்னையில ஹாஸ்டல்ல இருந்தேன். அண்ணனுக்குக் கல்யாணம். பணம் அதுக்கெல்லாம் போச்சு. "அடுத்த வருஷம் போறேன்"னார். அடுத்த வருஷம் வீட்டு மாடி கட்டினோம். அதுக்கு அடுத்த வருஷம் கண்ணுல பிரஷர்னு டாக்டர் சொன்னார். பக்கவாட்டுப் பார்வை குறைஞ்சு போச்சு. வண்டி ஓட்டுறதை அவரே நிறுத்திட்டார். பத்மினியை வித்தப்போ அந்த நோட்டை வண்டியோட குடுக்காம எடுத்து வெச்சுக்கிட்டார்.

இப்போ அப்பாவுக்கு 71. இந்த மெயிலை அவருக்குப் படிச்சுக் காட்டினேன். ஜெர்மன்காரர் வண்டி போட்டோவையும் பெருசு பண்ணிக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, "இன்ஜின் இறக்காமயே இவ்வளவு தூரமா?"னு அதைத்தான் முதல்ல கேட்டார். அப்புறம் நானே கேட்டேன், "உங்களுக்கு வருத்தமாப்பா?"னு.

"உன் ஃபீஸ் கட்டினதைத் தப்புனு நான் சொல்லலம்மா. ஆனா அந்த வருஷம் ஒரு மாசமாவது கிளம்பியிருக்கலாம். ஒரு மாசத்துக்கு எவ்வளவு ஆகியிருக்கும்?"

நோட்டை எடுத்துப் பாத்தேன். ₹38,000னு கூட்டிப் போட்டு அடியில ரெண்டு கோடு போட்டிருந்தார். எங்க வீட்டு மாடிக்கு கிரானைட் போட்டதே அதை விட அதிகம். கணக்கு எழுதுறது என் தொழில். எங்க வீட்டுக் கணக்குல இந்த ஒரு வரி எனக்குத் தெரியாம போச்சு. அவருக்கு அந்தப் பணம் எல்லாம் ஒரே அக்கவுன்ட்ல இருந்துச்சு, அதனால எல்லாருக்கும் போச்சு. தனியா ஒரு பேரு போட்டு வெச்சிருந்தா, அதைத் தொடுறதுக்கு முன்னால நாங்க ஒரு தடவையாவது யோசிச்சிருப்போம்.

தம்பிக்கு நான் எழுதின பதில்

முதல்ல நீங்க கேட்ட வரி. 7 வருஷம் தொடர் சேவைனு சொல்லியிருக்கீங்க. 5 வருஷம் தாண்டினதால பி.எஃப் எடுத்தா வரி இல்ல. ஈக்விட்டி ஃபண்ட்ல ஒரு வருஷத்துக்கு மேல இருந்த யூனிட்டுகளை வித்தா, ஒரு நிதியாண்டுல ₹1.25 லட்சம் லாபம் வரைக்கும் வரி இல்ல, அதுக்கு மேல 12.5%. மனைக்கு, அப்பா வாங்கின விலைதான் உங்க விலை. அதனால லாபம் பெருசா தெரியும், வரியும் அதுக்கு ஏத்த மாதிரி வரும்.

நீங்க கேக்காத கணக்கு இது. அந்த ₹6.4 லட்சம் பி.எஃப்பைத் தொடாம வேலையிலேயே இருந்து, வட்டி 8.25%லயே நின்னாலும், புதுசா ஒரு ரூபா சேரலேன்னாலும், 58 வயசுல சுமார் ₹63.8 லட்சம் ஆகும். மூணையும் வித்து ₹25 லட்சத்தோட கிளம்பினா வண்டி வாங்கின மிச்சத்துல ஒரு வருஷம் ஓடும். 31 வயசுல கையில பூஜ்ஜியத்தோட வருவீங்க. ஹோல்டோர்ஃப் அப்படிக் கிளம்பல.

அதுக்காக 50 வயசு வரைக்கும் காத்திருங்கனும் சொல்ல மாட்டேன். எங்க அப்பாவைப் பாத்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு மனசு வராது. இதைச் செய்ங்க:

1. இந்த மாசமே 'பயணம்'னு தனி சேமிப்புக் கணக்கு. மாசம் ₹20,000. 16 மாசத்துல ₹3.2 லட்சம்.
2. 17வது மாசம் 45 நாள் சம்பளமில்லா விடுப்பு. சம்பள இழப்பு ₹1.17 லட்சம். பயணத்துக்கு ₹2 லட்சம். நேபாளம், பூடான் போங்க. நமக்கு விசா வேண்டாம், கார்னேயும் வேண்டாம். நேபாள எல்லையில வண்டிக்கு நாள் கணக்குல கட்டணம் கட்டி அனுமதி வாங்கணும். பூடான்ல ராத்திரிக்கு ஆளுக்கு ₹1,200 கட்டணம் இருக்கு, அதையும் பட்ஜெட்ல சேருங்க.
3. அந்த 45 நாள்ல, தினமும் வண்டிக்குள்ள தூங்கி, கைல சமைச்சு, மழையில டயர் மாத்தி, உங்களுக்கு இது பிடிக்குதானு பாருங்க. பிடிச்சா பெரிய பயணத்துக்கு எஸ்.ஐ.பி ஆரம்பிங்க. பிடிக்கலேன்னா ₹25 லட்சம் தப்பிச்சது.
4. பி.எஃப், மனை, ஆறு மாச அவசர நிதி. இந்த மூணும் 'பயணம்' கணக்கோட எப்பவும் கலக்கக் கூடாது.

ரெண்டு நாள் கழிச்சு பதில் வந்துச்சு: "அக்கா, கணக்கு ஓப்பன் பண்ணிட்டேன். பேரு 'ஓட்டோ'னு வெச்சிருக்கேன்."

நானும் ஒண்ணு ஓப்பன் பண்ணியிருக்கேன், அதுக்குப் பேரு 'லே'. வர்ற ஜூன்ல ஒரு மாசம் ஆபீஸுக்கு லீவ். ரிட்டர்ன் சீசன் சூடு பிடிக்கிறதுக்குள்ள திரும்பிடணும். ஓட்டப் போறது நான். பக்கத்து சீட்ல நோட்டும் பென்சிலுமா அப்பா. அந்த உயரத்துக்கு அவர் உடம்பு தாங்குமானு டாக்டர்கிட்ட கேட்டாச்சு, மெதுவா ஏறினா போகலாம்னு சொல்லியிருக்கார். ₹38,000 இப்போ ₹1.9 லட்சம் ஆயிடுச்சு. பரவால்ல.

நான் இங்க சொன்ன 10%, 6% எல்லாம் கணக்குக்காக எடுத்துக்கிட்ட எண்கள். எந்த ஃபண்டையும் வாங்கச் சொல்லல. முடிவு எடுக்கிறதுக்கு முன்னால உங்க நிலைமையைத் தெரிஞ்ச ஆலோசகர் ஒருத்தரைக் கேளுங்க.

உங்க 'அடுத்த வருஷம்' லிஸ்ட்ல என்ன இருக்கு, அதுக்கு மாசம் எவ்வளவு ஆகும்? ஒரு பேப்பர்ல எழுதி, அடியில ரெண்டு கோடு போட்டு, எனக்கும் அனுப்புங்க. அடுத்த வீடியோல அதுல மூணு கணக்கை எடுத்துச் சேர்ந்து போடுவோம்.